அப்பா காலால்தான் தடவுவார்

அக்காவின் போனில் 41 செக்கன் ஓடுகிற ஒரு வீடியோ இருக்கிறது. போன ஆடி மாதம் ரொறன்ரோவில் இருந்து பள்ளி விடுமுறைக்கு வந்து நின்றபோது எடுத்தது. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு முற்றம், மாமர நிழல், அதில் படுத்திருக்கிற எங்கள் நாய் சிவலை. அக்காவின் மகள், ஒன்பது வயது, ஓடிவந்து சிவலையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, "சோ கியூட், சோ கியூட்" என்று கொஞ்சுகிறாள். பின்னால் எல்லாரும் சிரிப்பது கேட்கிறது, அதில் என்னுடைய சிரிப்புத்தான் பெரிய சத்தம். நாற்பதாவது செக்கனில் சிவலை வெடுக்கென்று திரும்புகிறது. அதற்குப் பிறகு படம் ஆடி, மண்ணைக் காட்டியபடி நின்றுவிடுகிறது.

பெரிய காயம் இல்லை, பல் ஒன்று கன்னத்தைக் கீறியிருந்தது. ஆனால் முகம். முகத்தில் நாய்ப் பல் பட்டால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. பிள்ளையைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டு, பைப்பைத் திறந்துவிட்டுக் கால் மணித்தியாலம் கழுவினேன் (விசர்நாய்க்கடிக்கு முதல் மருந்து இதுதான், கோப்பித்தூளும் மஞ்சளும் அப்புகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை விடுங்கள்). பிறகு ஓட்டோவில் கிளிநொச்சிக்கு, ஆஸ்பத்திரிக்கு. சிவலைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருந்தது, ஆனாலும் முகத்துக் காயம் என்றபடியால் ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயை இரண்டு கிழமை கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஒரு சின்ன நீதிமன்றம். பக்கத்து வளவு மாமி, "கடிச்சுப் பழகின நாயை வைச்சிருக்காதை பிள்ளை, சாக்கில போட்டுக் கொண்டுபோய் சந்தையடியில விடு" என்றா. அத்தான் கனடாவில் இருந்து போனில் அதைவிட மோசமாக ஒன்று சொன்னார், அவரைப் பிழை சொல்லவும் முடியாது, பிள்ளை அவருடையது. அம்மா அழுதுகொண்டிருந்தா. அப்பா மட்டும் விறாந்தைக் கதிரையில் இருந்து வெற்றிலையைத் துடைத்தபடி, ஒருத்தரையும் பார்க்காமல் சொன்னார்: "அது எத்தினை தரம் சொல்லிப்போட்டுத்தான் கடிச்சது. உங்களில ஒருத்தருக்கும் கண் தெரியேல்லை."

அந்த வசனம் என்னைக் குத்திவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அவதானம் என்றால் என்ன என்று ஆறாம் வகுப்புக்கு வருடா வருடம் எழுதிப்போடுகிறவள்.

அன்றிரவு அக்காவிடம் போனை வாங்கி அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆறாவது செக்கனில் சிவலை நாக்கை வெளியே நீட்டித் தன் மூக்கை ஒருதரம் நக்குகிறது. அங்கே சாப்பாடு ஒன்றும் இல்லை. பதினோராவதில் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி. (அந்த இடத்தில்தான் நான் "ஐயோ, நித்திரை வருதாம்" என்று சொல்லிச் சிரிக்கிறேன்.) காதுகள் இரண்டும் பின்னுக்குப் போய் மண்டையோடு ஒட்டிவிட்டன. கண்ணின் வெள்ளை பிறை மாதிரி ஓரத்தில் தெரிகிறது. இருபத்திரண்டாவதில் முகத்தைப் பிள்ளையிடம் இருந்து முற்றாகத் திருப்பி வேலிப்பக்கம் பார்க்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். முப்பதுக்குக் கிட்ட உடம்பு அப்படியே விறைத்துப் போகிறது, வால் நுனிகூட அசையவில்லை. முப்பத்தைந்தில் தொண்டைக்குள் ஒரு உறுமல். அக்காவின் குரல் கேட்கிறது: "பாருங்கோ, அவ பதில் சொல்லுறா!"

பதில்தான். அப்பா சொன்னது சரி.

அடுத்த நாள் சிவலை கொட்டிலுக்குள் மூலையில், வாலை ஒடுக்கி, கண்ணை மேலே உருட்டிக்கொண்டு கிடந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் "செய்த குற்றம் அதுக்கே தெரியுது பார்" என்றார்கள். இந்தக் குற்றப் பார்வையைப் பற்றி அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு கெட்டிக்காரப் பரிசோதனை செய்திருக்கிறார். தின்னக்கூடாது என்று சொல்லி வைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதைச் சொந்தக்காரருக்கு மாற்றி மாற்றிச் சொன்னார்கள், அதாவது சில வேளை பொய் சொன்னார்கள். நாயின் முகத்தில் அந்தக் குற்றப் பார்வை வந்தது தீனியைத் தின்றதற்காக இல்லை, சொந்தக்காரர் ஏசியதற்காக. சொல்லப்போனால் ஒன்றும் தின்னாத நாயை ஏசியபோதுதான் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. சிவலைக்கு அன்று கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. அது கிடந்த கிடை, "இவர்கள் எல்லாரும் என்னோடு கோபமாக இருக்கிறார்கள்" என்ற கிடை. ஏன் என்று அதற்கு விளங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதற்குப் பிறகு ஒரு மாதம் வேறு வேலை இல்லாதவள் மாதிரி இதையே வாசித்தேன். கட்டிப்பிடிப்பதைப் பற்றித் தேடினால் முதலில் வருவது ஸ்டான்லி கோரன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர், ஓய்வு பெற்றவர். 2016இல் அவர் ஒரு வேலை செய்தார்: ஆட்கள் தங்கள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படங்களை இணையத்தில் இருந்து 250 எடுத்து, நாயின் முகத்தை மட்டும் கவனித்தார். 81.6 வீதமான படங்களில் நாயிடம் குறைந்தது ஒரு அசௌகரிய அடையாளமாவது இருந்தது. அதே முகத் திருப்பல், அதே பிறைக்கண், அதே பின்காது. மனிதர் எல்லாரும் பல் தெரியச் சிரித்தபடி. நாய் சந்தோசமாக இருந்தது என்று சொல்லக்கூடிய படங்கள் பத்துக்கு ஒன்றுகூட இல்லை.

இது சக ஆய்வாளர்கள் பரிசீலித்து வெளியிட்ட ஆய்வு இல்லை, ஒரு பத்தியில் அவர் எழுதியது, அதையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடக்கிற படங்களை வைத்து உலகத்து நாய்க்கெல்லாம் தீர்ப்புச் சொல்லலாமா, கட்டிப்பிடிக்க முதலே அந்த நாய் பதற்றமாக இருந்திருக்கலாமே, கமெராவைக் கண்டு பயந்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு, கேட்டது நியாயம். கட்டிப்பிடித்தால் உருகிப்போகிற நாய்களும் இருக்கின்றன. எங்கள் பாடசாலைக் காவலாளி அண்ணையிடம் ஒன்று இருக்கிறது, அது ஆட்களின் மடியில் ஏறாவிட்டால் சாப்பிடாது. ஆனால் அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கள் 41 செக்கனை மட்டும் வைத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

யோசித்துப் பார்த்தால் கட்டிப்பிடிப்பது எங்கள் இனத்துப் பழக்கம். குரங்கினத்துப் பிள்ளை பிறந்த நேரத்தில் இருந்து தாயின் உடம்பைப் பற்றிக்கொண்டு வளர்கிறது, நாங்களும் இடுப்பில் வைத்துத்தான் வளர்க்கிறோம். கை என்று ஒன்று இருந்தால் அது சுற்றிப் பிடிக்கத்தான் பார்க்கும். நாய்க்குக் கை இல்லை. ஒரு நாய் இன்னொரு நாயின் முதுகில் முன்னங்காலைப் போட்டு அமத்தினால் அது பாசம் இல்லை, ஒன்றில் விளையாட்டு, இல்லாவிட்டால் சண்டைக்கு முதல் படி, அதுவும் இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் தெருவில் நடக்கிற மற்ற விசயம். நல்ல எண்ணத்தோடு வருகிற நாய் நேரே முகத்துக்கு வராது. வளைந்து, பக்கவாட்டில் வந்து, மணந்து பார்த்து, போய்விடும். ஆபத்து என்றால் நாய்க்கு முதல் வைத்தியம் ஓட்டம், அந்த ஓட்டத்தைக் கழுத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, கண்ணுக்குக் கண் வைத்து, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு "நான் உன்னில் எவ்வளவு அன்பு தெரியுமா" என்று நாங்கள் சொல்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், கட்டிப்பிடிப்பது எங்களுக்கே புதுசு. வன்னியில் ஒரு தகப்பன் வளர்ந்த மகளைக் கட்டிப்பிடித்து நான் கண்டதில்லை. அக்கா கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போன நாளில் அப்பா அவவின் பைக்குள் ஒடியல்மாப் பொட்டலத்தை வைத்து, சிப்பை இழுத்துப் பூட்டி, திரும்பவும் திறந்து பார்த்து, திரும்பவும் பூட்டி, "கவனம்" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டியோ என்பதுதான் இந்த ஊரில் பாசத்துக்கு உள்ள ஒரே வினைச்சொல். கட்டிப்பிடிக்கிற பழக்கம் வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளோடு விமானத்தில் வந்தது. பெறாமகள் வந்திறங்கிய அன்று "அம்மப்பா!" என்று ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். அப்பா இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தைப் பக்கத்துக்குத் திருப்பி, எச்சிலை விழுங்கி, விறைத்துப்போய் நின்றார். சிவலை செய்த எல்லாம் செய்தார். கடிக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

அப்படியானால் அப்பா நாயோடு எப்படி?

அப்பா நாயைக் கையால் தொட்டு நான் கண்டதே குறைவு. "நாயைத் தொட்டால் கையைக் கழுவு" என்று எங்களை வளர்த்த ஆள். ஆனால் வீட்டில் எந்தக் காலத்தில் எந்த நாய் இருந்தாலும் அது அப்பாவின் நாய். வயலால் வந்து, கால் முகம் கழுவி, விறாந்தைக் கதிரையில் சாய்ந்து ரேடியோவைப் போடுவார். போட்டுக் கொஞ்ச நேரத்தில் நாய் வரும். நேரே வராது, தூணைச் சுற்றி, தும்புத்தடியை மணந்து, ஏதோ வேறு வேலையாக வந்தது போல வந்து, முதுகை அவரின் காலில் சாய்த்துப் படுக்கும். அவர் குனிய மாட்டார், பார்க்கவும் மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலால் அதன் விலாவை மெதுவாகத் தேய்ப்பார், நெஞ்சுப் பக்கமாக, பிறகு தோளடியில். நிறுத்துவார். நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும், இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்து காலில் அழுத்தும். திரும்பத் தொடங்குவார். சில நாள் நாய் எழும்பிப் போய்விடும், அவர் செருப்பைப் போட்டுக்கொள்வார்.

சின்ன வயதில் எனக்கு இது அவமரியாதையாகத் தெரிந்தது, யாராவது அன்பைக் காலால் காட்டுவார்களா? இப்போது பார்த்தால், நாய்களைக் கையாளப் படிப்பிக்கிறவர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவது இதைத்தான். நாய் தானாக வரட்டும். அதன்மேல் கவிழாதே. தலைக்கு மேலால் கையைக் கொண்டு போகாதே, நெஞ்சிலோ கழுத்தின் கீழோ பக்கவாட்டிலோ தடவு. ஐந்து செக்கன் தடவிவிட்டு நிறுத்திப் பார், கிட்ட வந்தால் தொடரு, முகத்தைத் திருப்பினாலோ ஒன்றும் செய்யாமல் இருந்தாலோ விட்டுவிடு. பேர்லினில் நாய்களின் இதயத் துடிப்பையும் அளந்து பார்த்துச் செய்த ஆய்வுகள் உண்டு. எங்கே, எப்படித் தொடுகிறோம் என்பதைப் பொறுத்து நாயின் பதில் மாறுகிறது, அமத்திப் பிடிப்பதும் காலைப் பற்றுவதும் வாயைப் பொத்துவதும் அவற்றுக்குப் பிடித்தவை இல்லை. அப்பாவின் கால் இவற்றில் ஒன்றையும் செய்யாது, உள்ளங்காலால் ஒருத்தரையும் கட்டிப்பிடிக்க முடியாதே.

கண்ணையும் பற்றி ஒன்று. நாயும் அதன் மனிதரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலும் ஒக்சிடோசின் என்ற ஓமோன் கூடுகிறது என்று ஜப்பானின் அசபு பல்கலைக்கழகத்தார் 2015இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். தாய்க்கும் பச்சைப்பிள்ளைக்கும் இடையில் நடக்கிற அதே விசயம். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. இதை வாசித்துவிட்டு ஊர் நாயை எல்லாம் உற்றுப் பார்க்கப் போய்விடாதீர்கள். அந்தப் பார்வை நாய் தானாகத் தொடங்குகிற பார்வை, சொந்த ஆளோடு. அந்நியன் உற்றுப் பார்த்தால் நாய்க்கு அது வம்புக்கு இழுப்பு, எங்கள் சந்தியிலும் அப்படித்தானே.

குரல் விசயத்தில் அப்பா ஒரு தனி ஆய்வுக்கு உரியவர். புடாபெஸ்டில் அத்திலா அந்திச்சு என்பவரின் குழு, நாய்களை ஸ்கான் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 2016இல் ஒன்று கண்டது: புகழ்கிற சொல்லும் புகழ்கிற தொனியும் ஒன்றாக வந்தால்தான் நாயின் மூளையில் சந்தோசத்துக்கான பகுதி வேலை செய்கிறது. சொல் மட்டும் இனிப்பாக இருந்து தொனி மொட்டையாக இருந்தாலும் சரி, தொனி இனிப்பாக இருந்து சொல் வெறுமையாக இருந்தாலும் சரி, அது அசையாது. சரி, அப்பா நாயைக் கூப்பிடுவது எப்படி? "எங்கையடி திரிஞ்சிட்டு வாறாய், விசரி." சிவலை உடம்பு முழுக்க ஆடிக்கொண்டு வரும். அந்த வீட்டில் "விசரி" என்ற சொல் எப்போதும் அந்தத் தொனியோடும், பின்னால் ஒரு மீன் தலையோடும்தான் வந்திருக்கிறது. அகராதியை நாய் வாசிப்பதில்லை. அக்காவின் மகளோ முதல் நாளே "சிவலை பேபி" என்று உச்சக் குரலில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள், அதற்கு அது ஒரு அர்த்தமும் இல்லாத இரைச்சல்.

மணம்தான் எல்லாவற்றிலும் பெரிது என்று நினைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிவலை கொடியில் கிடந்த அவருடைய சாரத்தை இழுத்து விழுத்தி, கதிரைக்குக் கீழே கொண்டுபோய், அதன்மேல் படுத்தது. அம்மா ஏசிக்கொண்டு எடுத்துத் தோய்த்துப் போட்டா, தோய்த்ததை அது எடுக்கவில்லை. அழுக்குச் சேர்ட் ஒன்றைத் தேடி எடுத்தது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து கிரகரி பேர்ன்ஸ், நாய்களுக்கு மயக்கமருந்து கொடுக்காமல் ஸ்கான் செய்து பழக்கியவர்களில் முன்னோடி. அவருடைய குழு நாய்களுக்கு ஐந்து வகை மணத்தைக் காட்டியது: தன்னுடையது, தெரிந்த நாய், தெரியாத நாய், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர். நல்லதை எதிர்பார்க்கும்போது விழிக்கிற மூளைப்பகுதி கூடுதலாக விழித்தது தெரிந்த மனிதரின் மணத்துக்கு. அந்த மனிதர் அந்த நேரம் அங்கே இல்லை, மணம் மட்டும்தான். பணிவாகச் சொல்கிறேன், இதை அம்மா 'நாசமாப்போன நாய்' என்ற இரண்டு சொல்லில் கண்டுபிடித்திருந்தா.

சாப்பாட்டுக்காகத்தான் நாய் வாலாட்டுகிறது என்று சொல்கிறவர்களுக்கு, மேற்கு வங்காளத்தில் தெருநாய்களை வைத்து அனிந்திதா பத்ரா என்பவரின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து சாப்பாடு மட்டும் கொடுத்ததைவிட, திரும்பத் திரும்ப வந்து தடவிக் கொடுத்தபோது நாய்கள் கூடுதலாக நம்பின. ஆய்வுகூடத்து நாய் இல்லை, யாருடையதும் இல்லாத நாய்கள், எங்கள் கட்டாக்காலிகளின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். சிவலையும் அப்படி வந்ததுதான். நெல் வெட்டுக் காலத்தில் வாய்க்கால் கரையால் வந்து, படலைக்கு வெளியே நான்கு நாள் படுத்திருந்து, ஐந்தாம் நாள் உள்ளே வந்தது. அம்மா சிரட்டையில் பழஞ்சோறு வைத்தா, தின்றுவிட்டுப் போய் வெளியே படுத்தது. உள்ளே வந்தது அப்பா படலையடியில் குந்தியிருந்து, எதிர்ப்பக்கம் பார்த்தபடி, ஒரு பீடி முழுக்கப் பத்தி முடித்த அன்று.

இனி அந்த இருபத்திரண்டாவது செக்கன்.

2008ஆம் ஆண்டு, எனக்கு பதினேழு வயது. கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம் வடிந்து முற்றம் இன்னும் சதசதவென்று இருந்தது. மார்கழியில் ஷெல் சத்தம் கிட்ட வந்துவிட்டது, ஊர் தருமபுரம் பக்கம் நகரத் தொடங்கியது. எங்களிடம் வீமன் என்று ஒரு நாய் இருந்தான், கறுப்பு, நெஞ்சில் வெள்ளை. கோழி துரத்துவான் என்று பகலில் வேப்பமரத்தில் சங்கிலி. சித்தப்பாவின் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூடை, கதவு நிலை, தகரம், அம்மம்மா, நாங்கள். வீமனுக்கு இடம் இல்லை. இடம் இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டோம். அப்பா போய்ச் சங்கிலியைக் கழற்றி வேப்பமரத்து ஆணியில் கொழுவினார். குசினிக் கதவைத் திறந்து வைத்தார். பானையில் இருந்த சோறு முழுவதையும் சுளகில் கொட்டினார். படலையை அகலத் திறந்து, காற்றுக்கு மூடாமல் கல்லு வைத்தார். வீமனைத் தொடவில்லை.

வீமன் சோற்றை விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தான். வாய்க்கால் மதகில் வாகனங்கள் நெரிந்து நின்ற நேரம் நான் குதித்து இறங்கி, சேற்றில் முழங்கால் குத்தி, அவனைக் கட்டிப்பிடித்தேன். இறுக்கி. அவன் முகத்தைத் திருப்பினான். நான் இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம். பிறகு ஒரு கொட்டாவி விட்டான். அக்கா கத்திக் கூப்பிட, விட்டுவிட்டு ஏறினேன். மதகுக்கு அங்காலே அவன் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாருக்கும் நடந்தவை, இங்கே எழுத வரவில்லை. செட்டிக்குளத்தில் முகாம் கூடாரத்துக்குள் நித்திரை வராத இரவுகளில் எனக்கு நினைவு வந்த எத்தனையோ முகங்களில் ஒன்று வீமனுடைய திரும்பிய முகம். கோபித்துக்கொண்டு போய்விட்டான். விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று தெரிந்து, என்னைப் பார்க்கப் பிடிக்காமல், அலுத்துக் கொட்டாவி விட்டான். 2010இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை, படலை இல்லை, வேப்பமரம் இருந்தது, ஆணியில் சங்கிலி இருந்தது. ஊரில் நாய்கள் நிறைய இருந்தன, ஒன்றும் அவன் இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் இந்தக் கதையை ஆட்களுக்கு இப்படித்தான் சொல்லி வந்தேன்: "வீமன் என்னோட கோவிச்சு மூஞ்சையைத் திருப்பினவன்."

போனில் நிறுத்தி வைத்திருந்த சிவலையின் முகம் அதே முகம். அதே கோணம்.

நோர்வேக்காரி ஒருவர் இருக்கிறார், துரிட் ருகாஸ், நாய்களைப் பழக்குகிறவர். முகம் திருப்புவது, கொட்டாவி, மூக்கை நக்குவது எல்லாவற்றையும் சேர்த்து அவர் "அமைதிப்படுத்தும் சைகைகள்" என்று பெயர் வைத்தார். நாய் தன்னையும் ஆற்றிக்கொண்டு, எதிரில் இருப்பவரையும் ஆற்றுகிறதாம்: பதறாதே, என்னால் உனக்குத் தொந்தரவு இல்லை. இதை வாசித்த இரவு நான் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன், அதை மறைக்கத் தேவையில்லை. அழுதுகொண்டிருந்த என்னை அவன் ஆறுதல்படுத்தினான் என்று எழுதி முடித்துவிட எவ்வளவு ஆசை. ஆனால் அது இன்னொரு கட்டிப்பிடிப்பு. கழுத்தை இறுக்கிய கை, ஷெல் சத்தம், உழவு இயந்திரங்களின் இரைச்சல், ஊரே ஓடுகிறது; ஒரு நாய் முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விட இவற்றில் ஒன்றே போதும். கோபித்தான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லாததுபோல மன்னித்தான் என்று சொல்லவும் இல்லை. விடு என்று சொன்னான். அவ்வளவுதான் அந்த முகத்தில் எழுதியிருந்தது, நான் இவ்வளவு காலமும் அதற்குக் கீழே என் கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், அன்றைக்கு ஏன் அவனைத் தொடவில்லை என்று. ரேடியோவைக் குறைத்தார். "தொட்டிருந்தால் எனக்குத்தான் நல்லா இருந்திருக்கும்" என்றார். பிறகு ரேடியோவைக் கூட்டினார்.

சிவலையைச் சாக்கில் போடவில்லை. இரண்டு கிழமை கட்டிவைத்தோம், அதற்கு ஒன்றும் வரவில்லை. அக்காவின் மகள் ஊசிக்கு ஊசி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள், வந்த ஒவ்வொரு நாளும் கொட்டிலுக்குத் தூரமாக நின்று பார்த்தாள். அந்த வீடியோவை அவளோடு இருந்து நானும் பார்த்தேன், "எந்த இடத்தில அவ முதல் சொல்லுறா எண்டு கண்டுபிடி" என்றேன். ஆறாவது செக்கனை அவள்தான் முதலில் பிடித்தாள், நான் இரண்டு தரம் தவறவிட்டதை. போக மூன்று நாள் இருக்கும்போது அம்மப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, அவரைப் போலவே செருப்பைக் கழற்றி, காலை நீட்டி வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தாள். சிவலை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கடைசி நாள் வந்து பெருவிரலை மணந்துவிட்டுப் போனது, அதற்கே பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

போன ஞாயிறு வீடியோ கோலில் வந்தாள். சிவலையைக் காட்டச் சொன்னாள். நான் போனைச் சிவலையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன், விறாந்தை இருட்டு என்று லைட்டையும் போட்டுக்கொண்டு. உள்ளே இருந்து அவள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, மூக்கை நக்கிட்டா. போனை எடுங்கோ."